உளியைப் பறிக்காதீர்கள்

எழுபதைத் தாண்டிய அப்பாவின் விரலை உளி ஒருமுறை கீறிவிட்டால் போதும், பிள்ளைகள் கருவிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். சுரண்டை வட்டார வீடுகளிலும் இதைத்தான் காண்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால் அவருடைய பகல் பொழுதையே அதோடு சேர்த்துப் பறித்துவிடுகிறோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. மனசுக்குப் பிடித்த வேலையை அந்தப் பட்டியலில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

மாற்ற வேண்டியது வேலை செய்யும் இடத்தை. தரையில் குந்தி இழைக்கும் பழக்கத்தை விட்டு, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை போடுங்கள். மரத்தைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்கட்டும். முதிய கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். மேசைக்கு நேர் மேலே ஒரு விளக்கு மாட்டுங்கள். உளியைத் தீட்டிக் கொடுங்கள்: மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையைக் கிழிக்கும். மரத்தூள் புற்றுநோய் வருவிக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது, முகக்கவசம் கட்டாயம். மின்சார ரம்பத்தில் அறுக்கும் வேலையைக் கடையில் முடித்து வாருங்கள்.

வேலையையும் சிறிதாக்கலாம். பக்கத்து அம்பாசமுத்திரத்தின் பெயர்பெற்ற மரச் செப்புச் சாமான்கள் உள்ளங்கைக்குள் அடங்குபவைதாமே! கட்டில், பீரோ வேண்டாம். அஞ்சறைப் பெட்டி, பேரனுக்கு நடைவண்டி போதும். செய்து முடித்ததை அலமாரியில் பூட்டாமல் வீட்டில் புழங்குங்கள். தன் கைவேலைக்கு இன்னும் தேவை இருக்கிறது என்ற நினைப்பு முதுமைக்குப் பெரிய பலம்.