சுவரை இடிக்கலாமா?

திருப்பூரை அடுத்துள்ள நஞ்சராயன் குளத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். 300 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புள்ள அந்தக் குளம் 2022-ம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாயிற்று; 2024 ஆகஸ்டில் ராம்சர் ஒப்பந்த நீர்நிலைகளின் ஜாபிதாவிலும் இடம் பெற்றுவிட்டது. அந்தப் பக்கத்தில், பனியன் தொழிலில் நாலு காசு சேர்த்த நமது நண்பர் ஒருவர் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார். கூடத்து ஜன்னலைத் திறந்தால் குளம் தெரிகிறது. சமையலறையில் நின்றாலோ சுவர்தான் தெரிகிறது. ஆகவே நடுச் சுவரை இடித்துச் சமையலறையையும் கூடத்தையும் ஒன்றாக்கிவிடுவதென்று அவர் தீர்மானித்து, யோசனை சொல்ல நம்மையும் அழைத்திருந்தார்.

வீட்டில் ஒரே ஒருவர் ஆட்சேபித்தார். அவர் நண்பருடைய தாயார். அந்த வீட்டில் சமைப்பவரும் அவரே.

இந்தச் சுவர் ஏன் எழுந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் திண்ணை, ஆசாரம் எல்லாம் முன்புறம். சமையற்கட்டு பின்புறம், பொடக்காலியை ஒட்டி. விறகுப் புகை முன்னால் வரக்கூடாதென்பது ஒரு காரணம். இன்னார் எதிரில் இன்னார் சமைத்ததை வைக்கலாகாது, இன்னார் உள்ளே நுழையலாகாது என்ற ஜாதிக் கட்டுப்பாடு இன்னொரு காரணம். பெண்டிர் வெளி மனிதர் கண்ணில் படக்கூடாது என்பது மூன்றாவது. முதற் காரணத்தை காஸ் அடுப்பு தீர்த்துவிட்டது. மற்ற இரண்டையும் தீர்க்க அடுப்பு மட்டும் போதாது. அவற்றுக்காக நிற்கும் சுவரை எவ்வளவு சீக்கிரம் இடித்தாலும் நமக்குச் சம்மதமே.

மேல் நாட்டார் இவ்விஷயத்தில் முன்னும் பின்னுமாகப் போயிருக்கிறார்கள். 1926-ல் மார்கரேட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்மணி, பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக ஒரு சின்னஞ்சிறு சமையலறையை வகுத்தார். ஏறக்குறைய 6 அடி அகலம், 11 அடி நீளம். வீண் நடை குறைந்து ஸ்திரீகளின் நேரம் மிச்சமாகவேண்டும் என்பது அவர் நோக்கம். குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வசதியாகக் கூடத்தின் பக்கம் ஒரு தள்ளு கதவும் வைத்தார். பின்னால் வந்தவர்களோ, "பெண்ணைத் தனியே ஒரு கூண்டில் அடைத்துவிட்டார்" என்று அவரைக் குறை கூறினார்கள். திறந்த சமையலறை மோஸ்தரானது அதற்கப்புறந்தான்.

ஆனால் திருப்பூரில் திறந்த சமையலறையைப் பார்க்க ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் போகவேண்டியதில்லை. லைன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பாய்ச் சுருள், நடுவில் பிசிர் வெட்டக் கொண்டுவந்த பனியன் மூட்டை. அங்கே இடிக்கச் சுவரே கிடையாது. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்து ஒரு பீஸில் கறை பட்டால் அது கழிவாகிவிடும். தீப்பொறி பட்டாலோ கேட்கவே வேண்டாம். ஆகையால் அடுப்புக்கும் துணிக்கும் நடுவில் பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிடுகிறார்கள். இல்லாதவர் திரை கட்டுகிறார். இருப்பவர் சுவரை இடிக்கிறார். இந்த விநோதத்தை நண்பரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. அவரும் இளமையில் லைன் வீட்டில் வளர்ந்தவர்தான்.

சுவரைப் பற்றி மேஸ்திரி சொன்னது கேட்கத் தக்கது. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஒன்பது அங்குலச் சுவரானால் மேல் தளத்தையே தாங்கிக்கொண்டிருக்கலாம். நண்பர் வீட்டுச் சுவர் இரண்டாவது ரகம். அதை எடுப்பதென்றால் முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, இரு பக்கமும் ஊன்றிய தூண்களின்மேல் இரும்பு உத்தரம் ஏற்றிய பிறகே கடப்பாறையைத் தொடவேண்டும். என்ஜினீயரைக் கேட்காமல் தட்டிப் பார்த்தே தீர்மானிப்பவரிடம் வீட்டை ஒப்படைக்காதீர்கள். இன்னொன்று: சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். திறந்த வெளியில் அது கூடம் வரையிலும் வரும். ஆகவே சிலிண்டர் வீட்டுக்கு வெளியே இருப்பது நலம்; அடியிலும் காற்றுப் போக்கு வேண்டும். புகைபோக்கியும் மிளகாய் நெடியைச் சுவருக்கு வெளியே தள்ளுவதாக இருக்கவேண்டும். வடிகட்டி உள்ளேயே திரும்ப விடுகிற ரகம் நம் தாளிப்புக்கு ஈடு கொடுக்காது.

குளம் தெரியவேண்டும் என்பவரிடம் நாம் கேட்ட கேள்வி வேறு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்காலுக்கு என்றார். வாய்க்கால்? குளத்துக்கு. சாயத் தண்ணீரால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் கண்ட ஊர் இது. எண்ணெய்ப் பிசுக்கைத் தடுக்கும் தொட்டியும் உறிஞ்சு குழியும் முதலில்; மற்றதெல்லாம் பிறகு என்றோம். நண்பர் ஒப்புக்கொண்டார்.

கடைசியில் தாயாரிடம் காரணம் கேட்டோம். புகையைப் பற்றியோ ஆசாரத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னார்: "ஏங்கண்ணு, இந்த வீட்ல உனக்கு ஆபீஸ் ரூம் இருக்குது, பசங்களுக்குப் படிக்கற ரூம் இருக்குது. எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். நானும் உம் பொண்டாட்டியும் மனசு விட்டு நாலு வார்த்தை பேசறது இங்கதான். இதையும் தொறந்து போட்டுட்டா நாங்க எங்க போறதுங்கண்ணு?"

நாம் அதுவரை யோசித்த காரணங்களில் இது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். மறைவு வேறு, ஒதுக்குப்புறம் வேறு என்பது கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

முடிவு இப்படி ஆயிற்று. இடுப்பளவு சுவர் நின்றது. மேலே உத்தரம் போட்டுத் திறந்தார்கள். அடுப்பைத் திருப்பி வைத்ததால் சமைப்பவருக்குக் குளம் தெரிகிறது. பின்புறத் தாழ்வாரத்தில் ஒரு சிறு அறை எழும்பி, தாயார் கைக்குத் திறவுகோல் போயிற்று.

சென்ற மாதம் மறுபடியும் போயிருந்தோம். மாமியாரும் மருமகளும் அந்த அறையில் இருந்தார்கள், கதவு சாத்தியிருந்தது. நண்பர் அரைச் சுவருக்கு அப்பால் நின்று காப்பி கலந்துகொண்டிருந்தார். "எல்லாரும் பார்க்கும்படி ஆகிவிட்டதே! சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாயிருக்கிறது" என்றார். காப்பியில் சர்க்கரை கொஞ்சம் அதிகந்தான்.