பேரனுக்கு ஒரு கணக்கு



லீவுக்குத் திண்டுக்கல் வந்திருக்கும் பேரன் கேட்டான்: "தாத்தா, டேப்லெட்டுக்கு கேமை விலைக்கு வாங்கவா, மாசச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்ல ஆடவா?"

ஸ்ட்ரீமிங்கில் கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது. நம் கைக்கு வருவது படம் மட்டும். பழைய பழக்கம், பேப்பரை எடுத்துவிட்டேன். விநாடிக்கு 10 மெகாபிட் என்றால் மணிக்கு 4.5 ஜிபி. என் போனில் தினம் 2 ஜிபிதான். பையன் என் ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் 27 நிமிடத்தில் காலி! (தப்பென்றால் மார்க்கைக் குறையுங்கள்.) சிறுமலைக்குப் போகும்போது 18 கொண்டை ஊசி வளைவிலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. அங்கே என்னத்தை ஆடுவது?

இன்னொன்று. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி 18-இல் மூடிவிட்டார்கள். அங்கே கேம் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, நியாயம்தான். ஆனால் ஆடிக்கொண்டிருந்த இடமே போய்விட்டதே!

விலைக்கு வாங்கினாலும் பட்டா நம் பேருக்கு வராது, ஆட அனுமதி மட்டும்தான். ஆண்ட்ராய்டு மாறினால் பழைய கேம் திறக்காமலும் போகலாம். இருந்தும் என் ஓட்டு வாங்குவதற்கே. நெட் இல்லாமல் ஓடுவதாகப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்கச் சொல்லிப் பணம் கொடுத்தேன்.

டேப்லெட் தாங்காத பெரிய கேம், வீட்டில் நல்ல பிராட்பேண்ட் என்றால் ஒரு மாதம் சந்தா கட்டிப் பார்க்கலாம். அவன் அப்பனும் இதைப் படிப்பான். தம்பி, மாசாமாசம் தானாகப் பணம் பிடிப்பதை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடு.