‘தி வெய்லிங்’: அந்த சேவல் மூணாவது தடவை கூவியிருந்தா? விடை கிடைக்காத 4 கேள்விகள்

ஸ்பாய்லர் அலர்ட்: க்ளைமாக்ஸ் வரை முழுக் கதையும் இதில் இருக்கு!

நா ஹாங்-ஜின் இயக்கத்தில் 2016-ல் வெளியான கொரியப் படம் ‘தி வெய்லிங்’. தென் கொரியாவின் கோக்சாங் பகுதியில், உடம்பெல்லாம் கொப்புளம் வந்தவர்கள் சொந்தக் குடும்பத்தையே கொல்கிறார்கள். விஷக் காளான்தான் காரணம் என்கிறது விசாரணை. காட்டில் தனியாக வசிக்கும் ஜப்பானியர்தான் காரணம் என்கிறது ஊர். போலீஸ்காரர் ஜாங்-கூவின் மகள் ஹியோ-ஜினுக்கும் அதே அறிகுறி வர, மந்திரவாதி இல்-குவாங் அழைக்கப்படுகிறார். 156 நிமிடம் ஓடியும் சில முடிச்சுகள் அவிழ்வதில்லை.

1. மந்திரவாதி யார் பக்கம்?

கடைசியில் அவர் பெட்டியிலிருந்து கொட்டுவது செத்தவர்களின் போட்டோக்கள். அதே மாதிரி போட்டோக்கள் ஜப்பானியர் வீட்டிலும் இருந்தன. ஆக, ரெண்டு பேரும் கூட்டு. அப்போ அந்தப் பெரிய சடங்கு? இல்-குவாங் ஆணி அடிப்பதையும் ஜப்பானியர் துடிப்பதையும் மாற்றி மாற்றிக் காட்டியதால், குறி அவர்தான்னு நாம முடிவு பண்ணிட்டோம். அதே நேரத்தில் ஹியோ-ஜினும் துடிச்சா. எடிட்டிங்கே போட்ட தூண்டில் அது.

2. வெள்ளை உடைப் பெண் காவலா, பேயா?

செத்தவர்களின் உடை அவள் மேல். ஹியோ-ஜினின் ஹேர்பின் அவள் பக்கத்தில். சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் அவளை நேரில் பார்த்ததும் மந்திரவாதிக்கு மூக்கில் ரத்தம் வழியுது. ஜாங்-கூ அவள் பேச்சை மீறி வீட்டுக்குள் நுழைந்ததும் வாசலில் தொங்கும் செடி வாடுது. அவள் வைத்த பொறி நிஜம்தான். பொருட்கள் அவளிடம் எப்படி வந்தன என்பதற்கு மட்டும் படத்தில் பதில் இல்லை.

3. ஜப்பானியர் முதலிலிருந்தே சாத்தானா?

1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்டது ஜப்பான். அந்த மண்ணில் ஒரு ஜப்பானியரை சந்தேகிக்க ஆதாரமே தேவைப்படலை. குகைக் காட்சியில், அவரை சாத்தான் என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் இளம் டீக்கன் வருகிறார். அதன்பிறகே உருவம் மாறுது. உண்மை வெளிப்பட்டதா, நம்பிக்கை உருவம் எடுத்ததா? ரெண்டுக்கும் இடம் இருக்கு.

4. காத்திருந்தால் குடும்பம் பிழைத்திருக்குமா?

சேவல் மூணு தடவை கூவும்வரை வீட்டுக்குப் போகாதே என்கிறாள் அந்தப் பெண். அவளை நம்பாதே என்கிறார் போனில் மந்திரவாதி. மூணாவது கூவலுக்கு முன்பே ஜாங்-கூ ஓடிவிடுகிறார்; வீட்டில் ரத்த வெள்ளம். காத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்குமா என்பதைப் படம் காட்டவே இல்லை.

இதை திரைக்கதை ஓட்டைன்னு சொல்லிட முடியாது. யார் பேய் என்று இயக்குநர் முன்பே சொல்லியிருந்தால், ஜாங்-கூவை முட்டாள் என்று திட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். அவருக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். உள்ளே மகள் இருக்கா, வெளியே ரெண்டு பேர் ‘என்னை நம்பு’ங்கறாங்க. அந்த வாசலில் நீங்க நின்றிருந்தால்?