இதயத் தசை மீண்டும் துளிர்க்குமா?

எங்கள் கல்முனைக் கரையோரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜனாஸா அறிவித்தலைச் சொல்லி முடித்ததும், "என்ன வருத்தமாம்?" என்ற கேள்வி எழும். "நெஞ்சுவலி" என்பதே பல வேளைகளில் பதில். ஆதலால், மாரடைப்பில் செத்த தசையை மீண்டும் வளர்க்கும் ஊசி வந்துவிட்டதாமே என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதில் வியப்பில்லை. நான் மருத்துவன் அல்லேன். எனினும் செய்தியைச் சலித்துப் பார்ப்பது என் தொழில்.

வளர்ச்சிக் காரணி என்பது உயிரணுக்களை வளரத் தூண்டும் புரதம். புதிய குருதிக்குழாய்களை முளைக்கச் செய்யும் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தை, இதயக் குழாய் அடைப்பால் நெஞ்சுவலியோடு வாழ்ந்த 178 பேரிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். 60 நாட்களின் பின் மருந்து பெற்றவர்களைப் போலவே, வெற்று ஊசி பெற்றவர்களும் கூடுதல் நேரம் நடந்தனர்! குருதியில் ஏற்றிய புரதம் விரைவில் மறைந்துவிடுவது ஒரு தடை. ஆகவே, அதனை உடலே தயாரிக்கும்படி எம்.ஆர்.என்.ஏ. ஊசியை நேரே இதயத் தசைக்குள் ஏற்றிப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அவ்வாய்வில் ஊசி பெற்றோர், வெற்று ஊசியினர் உட்பட, 11 பேர் மட்டுமே. நம்பிக்கை தரும் முயற்சிதான். ஆனால், வளவை ஈடுவைத்து வாங்கும் சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

செத்த தசையை வளர்ப்பது அரிது. சாகவிருக்கும் தசையைக் காப்பது இயலும். தமிழ்நாட்டில் சிறிய வைத்தியசாலைகளை, அடைப்பு நீக்கும் வசதியுள்ள பெரிய வைத்தியசாலைகளோடு இணைத்து 2,420 நோயாளரிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. புதுமருந்து எதுவும் அங்கே தேவைப்படவில்லை. இருக்கின்ற சிகிச்சை உரியவரைச் சென்றடைந்தது, அவ்வளவுதான்.

நம்மிடமோ, "வாயுக்குத்து" என்று இஞ்சித் தேநீர் குடித்து விடியும்வரை காத்திருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அடைப்பு நீங்கத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஊருக்குள்ளேயே உண்டு. ஜும்ஆ குத்பாவில் ஒருமுறை இதைச் சொன்னால் என்ன? அரசியல்வாதிகளிடம் கட்டடம் கேட்கும் நாம், நள்ளிரவில் நெஞ்சுவலி வந்த எங்கள் ஊரவர் அடைப்பு நீக்கும் வசதிக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்வார் என்றும் கேட்க வேண்டும். அந்தக் கணக்கைச் சொல்லத் தெரிந்தவருக்கே அடுத்த முறை வாக்களிப்போமே!