டோனி விருதில் 38 ஆண்டு இடைவெளி

அமெரிக்காவின் பிராட்வே நாடகங்களுக்கும் இசை நாடகங்களுக்கும் ஆண்டுதோறும் டோனி விருதுகள் வழங்கப்படுகின்றன. 2025-ல் சிறந்த நாடகத்துக்கான விருதை 'பர்பஸ்' நாடகத்துக்காகக் கறுப்பின எழுத்தாளர் பிரான்டன் ஜேக்கப்ஸ்-ஜென்கின்ஸ் பெற்றார். 1947-ல் தொடங்கிய இவ்விருதில், கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் நாடகம் இப்பிரிவில் முதன்முதலில் வென்றது 1974-ல்தான். 1987-ல் ஆகஸ்ட் வில்சன் வென்றார். அதன் பிறகு 38 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

திறமைப் பஞ்சம் இதற்குக் காரணமில்லை. நியூயார்க்கில் உள்ள 41 பிராட்வே அரங்குகளில் ஏறும் நாடகம் மட்டுமே போட்டிக்கு வர முடியும். அரங்கும் முதலீடும் யாரிடம் உள்ளனவோ, அவர்களே வாசலில் நிற்கிறார்கள். 2020-ல் நிறவெறிக்கு எதிரான போராட்டம் வெடித்தது. அடுத்த ஆண்டே, பிராட்வே அதுவரை கண்டிராத, கறுப்பின எழுத்தாளர்களின் 7 நாடகங்கள் ஒரே பருவத்தில் மேடையேறின. நாடகங்கள் முன்பும் இருந்தன, கதவுதான் மூடியிருந்தது.

1946-ல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையும் தீண்டப்படாதோர் நிலையும் ஒத்திருப்பதை அண்ணல் அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். மேடைக்கும் அது பொருந்தும். நம் ஊர் விருதுப் பட்டியல்களிலும் வென்றவர் யார் என்று பார்க்கும் முன், மேடை யாருக்குக் கிடைத்தது என்று கேட்போம்.