அடாஜியோ என்றால் எழுபது அல்ல

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேலை பார்த்த இடத்தில், இசை பழகுபவர்களுக்கான செயலி ஒன்றில் வேக அட்டவணையை எழுதியவன் நான். நிமிடத்துக்கு லார்கோ 40–60 தட்டு, லார்கெட்டோ 60–66, அடாஜியோ 66–76, ஆந்தாந்தே 76–108. மெட்ரோனோம்களில் காலங்காலமாக அச்சிட்டு வரும் கணக்கு, அப்படியே எடுத்து ஒட்டினேன். எல்லை தாண்டினால் திரை சிவக்கும்.

போன மாதம் என் மகள் பியானோவில் ஒரு அடாஜியோ வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். திரை சிவந்தது. முகம் வாடிப்போய் நிறுத்திவிட்டாள். "அடாஜியோன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "எழுபதுப்பா" என்றாள்.

இல்லை. இத்தாலியில் அடாஜியோ என்றால் சாவகாசமாக. லார்கோ என்றால் அகலமாக. கிராவே என்றால் கனமாக. ஆந்தாந்தே, நடந்துபோகிற மாதிரி. நேரடியாக 'மெதுவாக' என்று சொல்வது லென்டோ மட்டுமே. மற்றவை எவ்வளவு வேகம் என்று சொல்வதில்லை, எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கின்றன. சாவகாசத்துக்கும் கனத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த எண் காட்டும்?

உடனே பீத்தோவனைக் கூட்டிவருவார்கள். மெல்சல் 1815இல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றார். 1817இல் பீத்தோவன் அதுவரை எழுதிய எட்டு சிம்பொனிகளுக்கும் எண் கொடுத்தார், இந்த இத்தாலியச் சொற்களையே கைவிடலாம் என்றுகூடக் கடிதம் எழுதினார். உண்மைதான். ஆனால் ஏன் எரிச்சல்பட்டார்? அல்லெக்ரோ என்றால் 'மகிழ்ச்சியாக'. அந்தத் தலைப்பின்கீழ் வரும் இசையோ பல சமயம் அதற்கு நேரெதிர். அதாவது, அந்தச் சொல்லை அவர் உணர்வின் சொல்லாகவே படித்தார். அதே காலத்தில் ஒரு பாடலின் கையெழுத்துப் பிரதியில் 100 என்று எண் போட்டுவிட்டு, இது முதல் சில அளவுகளுக்கு மட்டுமே பொருந்தும், உணர்ச்சிக்கும் அதற்கென்று ஒரு கதி உண்டு என்ற பொருளில் குறித்துவைத்தார். எண்ணை நம்பியவரே வைத்த நிபந்தனை இது. நாங்கள் எண்ணை எடுத்துக்கொண்டு நிபந்தனையைக் குப்பையில் போட்டோம்.

மாலரின் ஐந்தாம் சிம்பொனியில் வரும் அடாஜியெட்டோவைக் கேளுங்கள். மாலரை நேரில் அறிந்த மெங்கெல்பர்க் 1926 பதிவில் அதைச் சுமார் 7 நிமிடத்தில் முடிக்கிறார். அவருக்கு அது காதல் கடிதம். 1968இல் ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் அதே இசையை நடத்திய பெர்ன்ஸ்டைன், 1987இல் பிராங்பர்ட்டில் செய்த பதிவில் சுமார் 11 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். இரண்டு பேரில் யாருக்குச் சார் என் செயலி சிவப்பு காட்டும்?

அட்டவணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழக ஆரம்பிப்பவருக்குக் கைப்பிடி வேண்டும்தான். ஆனால் கைப்பிடி தீர்ப்பு சொல்லக்கூடாது. எங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு, அளக்க முடிந்ததையே சரி என்று நம்பும் வியாதி இருக்கிறது. அதை நாங்கள் குழந்தைகளுக்கும் ஒட்டவைத்துவிட்டோம்.

வீட்டில் செயலியை அழித்துவிட்டேன். "அவசரமே இல்லம்மா, மறுபடி வாசி" என்றேன். எத்தனை தட்டு என்று நான் எண்ணவில்லை.