கொடிவழியில் அன்னையர் எங்கே?

முன்னோர் பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் மரபு மதுரைக்குப் புதிதன்று. வைகையின் தென்புறம் காஜிமார் தெருவில், காஜி சையிது தாஜுத்தீன் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்; அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் பொறுப்பும் அம்மரபினரிடமே இருந்து வருகிறது. உரிமையோடு பிணைந்த கொடிவழி மறக்கப்படுவதில்லை. வடகரையில் தல்லாகுளத்தில் வாழும் நம்மில் பலருக்கோ பாட்டனாருக்கு மேல் ஒரு பெயரும் தெரியாது.

இக்குறை தீர்க்க இணையத்தில் இடமுண்டு. 1999-இல் தொடங்கப்பெற்ற ஃபேமிலிசெர்ச் கட்டணமற்றது; ஜெனி 2007-இல் தோன்றி, 2012-இல் மைஹெரிட்டேஜ் நிறுவனத்தின் வசமாயிற்று. தன் பெயரில் தொடங்கி, பெற்றோர், அவர்தம் பெற்றோர் என மேலேறிச் செல்வதே முறை. குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் நம்மவர் திகைப்பர். தந்தை பெயரை இடுவதா, ராவுத்தர், மரைக்காயர் என எழுதுவதா? எதுவாயினும் குடும்பம் முழுதும் ஒரே முறையைக் கைக்கொள்க. பிறந்த நாள் தெரியாதவர்க்கு 'ஏறத்தாழ' என ஆண்டு மட்டும் குறித்தாலும் போதும்.

என் கவலை வேறு. நம் வீடுகளில் கையால் எழுதப்பெற்ற கொடிவழிகள் பெரும்பாலும் 'இன்னாரின் மகன் இன்னார்' என்றே செல்கின்றன. மகள்கள் 'பெண்மக்கள் இருவர்' என்னும் தொகையாய்ச் சுருங்கிவிடுகின்றனர். நன்னி என்றழைத்தே வளர்ந்த பேரனுக்கு அவருடைய இயற்பெயர் தெரிவதில்லை. இணையப் படிவம் தாயின் பெயருக்கெனத் தனியிடம் வைத்திருக்கிறது. அவ்விடத்தை வெறுமையாய் விடுவது எவ்வகையில் நீதி? தேடினால் கிடைக்கும். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில் மணமகள் பெயரும் அவர் தந்தையார் பெயரும் உள. மார்க்கச் சட்டம் மகளுக்கும் பங்கு அளித்தமையால் பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் பெண்கள் பெயரோடு நிற்கின்றனர். ஆண்கள் எழுதிய ஏடு மறந்ததைச் சொத்துப் பத்திரம் மறக்கவில்லை! மாமன் மகளை மணந்த குடும்பத்தில் ஒரே பாட்டியார் இரு கிளையிலும் வருவார். அவரை இருமுறை எழுதாது, ஒருவராகவே இணைக்க வேண்டும். பெண்வழியை விட்ட மரத்தில் இவ்வுறவு புலப்படவே புலப்படாது.

உயிரோடிருப்போர் விவரங்களைப் பொதுப் பார்வைக்கு வைத்தல் ஆகாது. மைஹெரிட்டேஜ் பயனாளர் 9 கோடிக்கு மேற்பட்டோரின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்தமை 2018-இல் வெளிப்பட்டது. நிறுவனங்கள் கைமாறலாம், மூடப்படலாம். ஆதலின் ஜெட்காம் என்னும் பொதுக் கோப்பாக ஒரு படியை இறக்கித் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல் மாணவர் கடன். தாளிலும் அச்சிட்டு வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்தால், பிழைகளை அவர்களே அடித்துத் திருத்துவர். நன்னிமாரும் உடனிருந்தால் விடுபட்ட பெயர்கள் சில கூடும்.